இறால் குளத்துப் பழைய விரிப்பு, தீவனப் பை, ஏரேட்டர் மிதவை: மறுசுழற்சிக்கு எப்படிக் கொடுப்பது?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் ஒவ்வொன்றும் ஓர் ஏக்கர் அளவில் 5 வனாமி இறால் குளங்கள் வைத்திருக்கிறோம். குளத்தின் உள்பரப்பில் 0.5 மி.மீ. எச்டிபிஇ (அடர்த்தி மிக்க பாலிதீன்) விரிப்பு போட்டு 7 ஆண்டு ஆகிவிட்டது, மாற்றப் போகிறோம். பழைய இரும்புக் கடைக்காரர் தீவனப் பையை எடுத்துக்கொள்கிறார், விரிப்பை மட்டும் வேண்டாம் என்கிறார். எரிக்கவும் புதைக்கவும் மனம் வரவில்லை. மறுசுழற்சிக்குக் கொடுக்க என்ன வழி? நாங்களே சின்னதாக ஓர் அறவை இயந்திரம் வாங்கிப் போடலாமா?

பதில்:

கடைக்காரர் வேண்டாம் என்பதால் அந்த விரிப்பு மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பண்ணையில் கிடக்கிற பிளாஸ்டிக்கிலேயே எடையில் பெரியதும், கலப்பில்லாததும் அதுதான். அவர் பயப்படுவது மூன்று விஷயத்துக்கு. சேறு ஒட்டியிருக்கும், அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டும். உப்பு ஏறியிருக்கும், அது உருக்கும் இயந்திரத்தின் திருகையும் உருளையையும் அரிக்கும். நீளநீளமாகக் கிடக்கும், அப்படியே அறவைக்குள் போட்டால் கத்தித் தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். மூன்றையும் குளக்கரையிலேயே தீர்க்கலாம். இந்தச் சரக்கின் விலை ஆலையில் முடிவாவதில்லை, விரிப்பை நீங்கள் எப்படிக் கழற்றுகிறீர்கள் என்பதில் முடிவாகிறது.

முதலில் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எச்டிபிஇ விரிப்பின் அடர்த்தி 0.94 என்று வைத்தால் 0.5 மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் 470 கிராம். 0.75 மி.மீ. என்றால் 705 கிராம், 1 மி.மீ. என்றால் 940 கிராம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். கரைச்சரிவும், கரை மேல் மண்ணில் புதைத்த ஓரமும் சேர்ந்து ஒரு குளத்துக்கு 4,600 சதுர மீட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 2,160 கிலோ வருகிறது. ஐந்து குளத்துக்கும் 10.8 டன், அதாவது ஒரு லாரி லோடு. தனி ஒரு பண்ணைக்கே லோடு நிறைவது பெரிய அனுகூலம். ஆலைக்காரர் நேரே வண்டி அனுப்புவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் லோடு நிறைவதைப் பொறுத்ததுதான்.

தீவனப் பையையும் இப்படிக் கணக்குப் போடுங்கள். சதுர மீட்டருக்கு 60 குஞ்சு, 80 சதவீதம் பிழைப்பு, 20 கிராம் அறுவடை என்றால் ஓர் ஏக்கருக்கு 3.9 டன் இறால். தீவன மாற்று விகிதம் 1.4, அதாவது ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம் என்றால் 5.4 டன் தீவனம், 25 கிலோ பையில் சுமார் 218 பை. ஐந்து குளம், ஆண்டுக்கு இரண்டு கல்ச்சர் (வளர்ப்புச் சுற்று) என்றால் 2,200 பை வரும். பார்க்க மலையாகத் தெரியும். பை ஒன்று 100 கிராம் என்றாலும் மொத்தம் 220 கிலோதான். விரிப்பையோ ஏழு ஆண்டுக்குப் பிரித்தாலே ஆண்டுக்கு ஒன்றரை டன் வருகிறது. பையைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்றிருந்தால் எட்டில் ஒரு பங்கைத்தான் செய்திருப்பீர்கள்.

இனி கழற்றும் முறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறினால் காலிக் குளத்தின் விரிப்பு கீழிருந்து உப்பி மேலே வந்துவிடும், அதன் மேல் நின்று வெட்ட முடியாது. கழற்றிய சரக்கையும் புயல் மாதங்களில் கரையில் கட்டாமல் போட்டு வைக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய ஊர் உங்களுடையது, காற்றின் வேகத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விரிப்பு குளத்தில் கிடக்கும்போதே கழுவுங்கள். இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வெட்டிச் சுருட்டிக் கரையில் ஏற்றிய பிறகு கழுவினால் மடிப்புக்குள் சேறு காய்ந்து சிமெண்டாகிவிடும். அறுவடை முடிந்து தண்ணீர் வடிந்ததும், பாசியும் சேறும் ஈரமாக இருக்கும்போதே, மேல்சரிவிலிருந்து நடு வடிகால் நோக்கிக் குளத்துத் தண்ணீரையே அழுத்த பம்பில் அடித்து இறக்குங்கள். ரப்பர் வைத்த தள்ளுகட்டை போதும், மண்வெட்டி வேண்டாம். வருகிற கசடு சேற்றுக் குழிக்குப் போகட்டும், வாய்க்காலுக்கு விடாதீர்கள். கடைசியாக ஒரு முறை மட்டும் நல்ல தண்ணீர், உப்பு போவதற்காக. அந்தக் கடைசி அலசலை மிச்சப்படுத்தினால் காய்ந்த பிறகு விரிப்பின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்தப் பூவைப் பார்த்ததும் வாங்க வந்தவர் விலையைக் குறைப்பார். கரையோரத்தில் சிப்பி, கொட்டலசு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு ஓடு அறவைக் கத்தியைத் தேய்த்துவிடும்.

இரண்டு நாள் வெயிலில் காயட்டும். பிறகு கொக்கி வாய்க் கத்தியால் 1 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு துண்டு 2.35 கிலோ. பத்துத் துண்டைச் சேர்த்துச் சுருட்டினால் 23.5 கிலோ, ஓர் ஆள் தூக்கலாம். உங்கள் ஐந்து குளத்துக்கும் ஏறத்தாழ 460 சுருள் வரும். சுருளைக் கட்ட அந்த விரிப்பிலிருந்தே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடா கிழித்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறோ கம்பியோ போட்டுக் கட்டினால் அதுவும் சேர்ந்து அறவைக்குள் போகும். கறுப்பு விரிப்பு பத்து மணிக்கு மேல் வெறுங்காலில் நிற்க முடியாத அளவுக்குச் சுடும், காலை வேளையில் வெட்டுங்கள். குளத்துக்குள் மரக்கம்பு, ஏரேட்டர் (தண்ணீரில் காற்றுக் கலக்கும் இயந்திரம்) கால், முன்பு ஒட்டிய ரப்பர் பேட்ச் கிடந்தால் அவற்றைச் சுற்றி வெட்டித் தனியே எறியுங்கள்.

சேறு எவ்வளவு மிச்சம் என்று அளக்க ஆய்வகம் வேண்டாம். உலர்ந்த சுருளிலிருந்து மூன்று இடத்தில் சரியாக ஒரு சதுர மீட்டர் வெட்டி எடை போடுங்கள். 470 கிராம் இருக்க வேண்டிய துண்டு 650 கிராம் நின்றால் 180 கிராம் மண்ணும் ஈரமும்; அதாவது எடையில் 28 சதவீதம். அந்த லோடில் 10 டன்னுக்குப் பணம் கேட்டால் வாங்குகிறவர் 7 டன்னுக்குத்தான் பிளாஸ்டிக் பெறுகிறார், வாடகையும் மண்ணுக்குச் சேர்த்துக் கொடுக்கிறார். 490 கிராம் நின்றால் நீங்கள் தைரியமாக விலை பேசலாம். வாங்க வருகிறவர் முன்னாலேயே வெட்டி எடை போட்டுக் காட்டுங்கள். ‘கழிவு இவ்வளவு’ என்று அவர் மனம்போலக் கழிப்பது அதோடு நிற்கும்.

விரிப்பு முழுவதும் ஒரே தரமாக இருக்காது, இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெயிலில் கிடந்த சரிவுப் பட்டைதான் முதலில் சாகும். விரிப்பில் 2 முதல் 3 சதவீதம் கார்பன் கருப்பு கலந்திருப்பது வெயிலைத் தாங்கத்தான். அதோடு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மானங்களும் உண்டு. வெயிலும், குளத்தைச் சுத்தம் செய்யப் போடும் குளோரினும் அந்தச் சேர்மானத்தை ஆண்டுக்கு ஆண்டு தின்று தீர்க்கும். தீர்ந்த பிறகு பிளாஸ்டிக்கே நொறுங்கத் தொடங்கும். தண்ணீருக்கு அடியில் இருந்த தரைப்பகுதி ஏழு ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய, ஒரு சாண் துண்டை இரண்டாக மடித்து மடிப்பைக் கட்டை விரலால் அழுத்தி விரியுங்கள். கோடு விழுந்து மீண்டால் நல்லது. மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் அது மேல்பட்டைச் சரக்கு, அதைத் தனிச் சுருளாகக் கட்டி அடையாளம் போடுங்கள்.

தேறிய தரைப்பகுதியை உடனே விற்றுவிடாதீர்கள். தண்ணீர் தேக்கும் குளத்தின் வாய்க்கால் உள்பூச்சு, நண்டு வேலி, சேற்றுக் குழியின் அடிவிரிப்பு என்று பண்ணைக்குள்ளேயே இன்னும் சில ஆண்டு உழைக்கும். நண்டு வேலியும் பறவைத் தடுப்பும் வனாமி வளர்ப்புக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் கேட்கிற உயிரிப் பாதுகாப்பு ஏற்பாடுகள், எப்படியும் போட்டாக வேண்டும். அதற்குப் புதுத் தாள் வாங்குவதைவிடப் பழைய விரிப்பை அரை மீட்டர் அகலத்தில் வெட்டி நட்டால் போகிறது. ஒட்டுப்போட நினைத்தால் ஒன்று: பழைய விரிப்பின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும், அப்படியே வெப்பக்காற்றில் ஒட்டினால் பிடித்தது போலத் தெரிந்து மறுநாள் உரியும். உப்புத்தாளால் தேய்த்துப் புது முகம் வந்த பிறகே ஒட்ட வேண்டும்.

இனி அது ஆலைக்குப் போய் என்ன ஆகிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் கொடுப்பது என்று விளங்கும். அறவையில் சில்லாக வெட்டி, தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மிதக்க விட்டு, சுழற்றி உலர்த்தி, எக்ஸ்ட்ரூடர் எனும் உருக்கித் தள்ளும் இயந்திரத்தில் 180 முதல் 220 டிகிரி வெப்பத்தில் உருக்கி, சல்லடைத் தகட்டில் வடிகட்டி, குருணையாக வெட்டுவார்கள். மிதக்கவிடும் தொட்டிதான் கலப்படத்தைப் பிடிக்கும் இடம். எச்டிபிஇயும் பிபி எனப்படும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரை விட லேசானவை, மிதக்கும். நைலான், பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), பிவிசி மூன்றும் மூழ்கும். ஆனால் மண் ஒட்டிய எச்டிபிஇயும் மூழ்கும், மடிப்பில் காற்று சிக்கிய நைலானும் மிதக்கும். அதனால்தான் கரையிலேயே பிரிப்பது முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நைலான் உருக ஏறத்தாழ 220 டிகிரி வேண்டும், பெட் பாட்டிலுக்கு 250 வேண்டும். 200 டிகிரி எச்டிபிஇக்குள் அவை உருகாமல் கல் போல நின்று சல்லடையை அடைக்கும். பிவிசி நேர் எதிர். அந்தச் சூட்டில் கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், இரும்பை அரிக்கும், வேலை செய்கிறவர் மூச்சையும் கெடுக்கும். உங்கள் சுருளுக்குள் ஒரு சாண் பிவிசி குழாய் கிடந்தாலும் அடுத்த முறை அவர் உங்களிடம் வாங்க மாட்டார்.

இன்னொன்று, வாங்குகிறவர் என்ன பொருள் செய்கிறார் என்று கேளுங்கள். விரிப்பு எச்டிபிஇ உருகினாலும் கெட்டித் தேன் போல மெதுவாகத்தான் ஓடும். உருகி ஓடும் வேகத்தை 10 நிமிடத்துக்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள், விரிப்புக்கு அது 1 கிராமுக்கும் கீழே. வாளி, முக்காலி, கூடை வார்க்கிறவருக்கு வேகமாக ஓடும் பிளாஸ்டிக் வேண்டும், அச்சு நிரம்ப வேண்டுமே. அவர் உங்கள் விரிப்பை வாங்கினாலும் மற்றதோடு கொஞ்சமாகத்தான் கலக்க முடியும். குழாய் இழுக்கிறவர், கேபிள் போகும் குழாய் செய்கிறவர், தகடு இழுக்கிறவர், பிளாஸ்டிக் பலகை செய்கிறவர், இவர்களுக்குத்தான் மெதுவாக ஓடும் கறுப்புச் சரக்கு நேராகப் பொருந்தும். பலர் இந்த வேறுபாடு தெரியாமல் முதலில் தெரிந்த வார்ப்புக்காரரிடம் மாதிரி கொடுத்து, ‘இது ஓடாது’ என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள்.

பழைய விரிப்பிலிருந்து புது விரிப்பு செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது, கூடவும் கூடாது. உலகம் முழுவதும் பின்பற்றும் எச்டிபிஇ விரிப்புத் தரம், தொழிற்சாலைக்குள் அன்றே விழும் தன் சொந்த வெட்டுத்துண்டைக் கொஞ்சம் சேர்க்க விடுகிறதே தவிர, பயன்படுத்திக் கழித்த பிளாஸ்டிக்கை விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மண் துகள் போதும், அழுத்தத்தில் அங்கே வெடிப்பு தொடங்கிக் குளமே கசியும். ‘ரீசைக்கிள் லைனர், விலை குறைவு’ என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். சுழற்சி என்றால் அதே பொருளாகத் திரும்பி வர வேண்டும் என்பதில்லை. விரிப்பு கேபிள் குழாயாகி மண்ணுக்குள் பல காலம் கிடந்தால் அது நல்ல பயன். தீவனம் அடுக்கும் தட்டு, செக் ட்ரே (இறால் தீவனம் தின்றதா என்று பார்க்கும் தட்டு) பார்க்கப் போகும் நடைப்பலகை, வேலிக் கம்பம் போன்றவை உங்கள் பண்ணைக்கே திரும்பி வரக்கூடியவை. பிளாஸ்டிக் பலகையில் எச்டிபிஇயும் பிபியும் கொஞ்சம் கலந்திருந்தாலும் தாங்கும், வெடித்த மேல்பட்டைக்கு அதுவே சரியான இடம்.

தீவனப் பை. வெளியே பின்னியது பிபி, அதன் மேல் அச்சடித்த மெல்லிய தாளும் பெரும்பாலும் பிபியேதான். உள்ளே மெல்லிய பாலிதீன் உறை இருந்தால் அது வேறு இனம். பிபியும் பாலிதீனும் சேர்ந்து உருகும், ஆனால் ஒன்றோடொன்று பிணையாது, அந்தக் கலவையில் செய்த பொருள் ஏடு ஏடாகப் பிரியும். ஆகவே பையைப் பிரிக்கும் ஆளிடமே சொல்லிவிடுங்கள்: தையல் நூலை இழுத்துத் தனியே போடு, உள்ளுறையை உருவித் தனி மூட்டையில் போடு, பையைத் தலைகீழாக உதறித் தூளைக் கொட்டு, நிழலில் அடுக்கு. தூள் போகாத பை பூஞ்சை பிடித்து நாறும், உருக்கும்போதும் நாற்றம் போகாது. நூறு நூறாகக் கட்டுங்கள்.

வெயிலில் போடாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பையில் மண் நிரப்பிக் கரையை அண்டக்கொடுக்கும் பழக்கம் உண்டு. தீவனப் பை ஓரிரு மாதம் கிடங்கில் இருக்கச் செய்தது, திறந்தவெளிக்கு அல்ல. கடலோர வெயிலில் சில மாதத்திலேயே பின்னல் நாடா வெளுத்து, கை வைத்தால் பொடியாக உதிரும். மண் அங்கேயே இருக்கும், பை மட்டும் ஆயிரக்கணக்கான நாராகிக் குளத்துக்குள் இறங்கும். அதை யாராலும் திரும்ப அள்ள முடியாது. கரைக்கு மூட்டை வேண்டுமென்றால் சணல் சாக்கோ, வெயில் தாங்கும் மணல் மூட்டையோ வாங்குங்கள்.

பையில் இன்னொரு வழியும் இருக்கிறது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன, 2022 பிப்ரவரித் திருத்தத்தில் உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு பிளாஸ்டிக் பொதிகளுக்கு விரிவாக வகுக்கப்பட்டது. தீவனப் பை ஒரு பொதி. அதில் தன் பெயரைப் போட்டு விற்கிற தீவன நிறுவனம் அந்த அளவு பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனதற்குச் சான்றிதழ் காட்டியாக வேண்டும். அந்தச் சான்றிதழை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆலைதான் தர முடியும். எனவே பையைப் பதிவு பெற்ற ஆலைக்குப் போய்ச் சேரும்படி கொடுங்கள், தீவன முகவரிடம் காலிப் பையைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தீவனம் இறக்கிய வண்டி காலியாகத்தானே திரும்புகிறது. பத்துப் பண்ணை சேர்ந்து கேட்டால் முகவர் யோசிப்பார். விரிப்பு பொதி அல்ல, ஆகவே இந்தப் பொறுப்புக்குள் வராது. அதற்குச் சான்றிதழ் மூலம் கிடைக்கும் கூடுதல் விலையும் இல்லை. கழுவி உலர்த்துவது விரிப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏரேட்டரில் மிதவை பெரும்பாலும் ஊதி வார்த்த எச்டிபிஇ. இதுவும் மெதுவாக ஓடும் இனம், விரிப்போடு ஒரே ஆலைக்குப் போகலாம், நிறம் மட்டும் தனியாகப் பிரியுங்கள். நீலம் நீலமாக விற்றால் கூடுதல் விலை, கறுப்போடு கலந்தால் எல்லாமே கறுப்பு. விரிசல் விட்ட மிதவைக்குள் தண்ணீரும் சேறும் இருக்கும், பாதியாக அறுத்துக் கொட்டுங்கள். துடுப்புச் சக்கரம் பிபியாகவோ நைலானாகவோ இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதப்பது பிபி, மூழ்குவது நைலான். சந்தேகம் தீராவிட்டால் நகத்தளவு துண்டைத் திறந்தவெளியில் இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி, புகையைக் கையால் விசிறி லேசாக மோந்து பாருங்கள். மெழுகுவத்தி அணைத்த வாசம் வந்தால் எச்டிபிஇ அல்லது பிபி, முடி கருகிய வாசம் வந்தால் நைலான். பிவிசி என்று சந்தேகப்படும் துண்டை இப்படிக் கொளுத்த வேண்டாம்.

மிதவையிலும் சக்கரத்திலும் போல்ட்டு ஒன்றுகூட விடாமல் கழற்றுங்கள். உப்புத் தண்ணீருக்காகப் போட்ட துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைக் காந்தம் சரிவரப் பிடிக்காது. அறவை வாயில் இரும்பைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தைத் தாண்டி அது உள்ளே போய்க் கத்தியை உடைக்கும். கழற்றிய எஃகைத் தனியே விற்றால் அதன் கிலோ விலை பிளாஸ்டிக்கைவிட மேல்.

வலையும் கயிறும் அளவில் கொஞ்சம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். அறுவடை வலையும் பறவைக்குக் கட்டும் நரம்பும் நைலானாக இருக்கும். ஈயக்குண்டு, மிதவைக் கட்டை, ஓரக்கயிறு மூன்றையும் அறுத்துவிட்டு வலையை மட்டும் உலர்த்தி மூட்டை கட்டுங்கள். ஈயம் ஒரு குண்டுகூட உள்ளே போகக் கூடாது. நைலான் 6 வலையைச் சிதைத்து அதன் மூலப்பொருளான கேப்ரோலாக்டமாகவே திருப்பலாம், அதிலிருந்து புது நூலுக்கு நிகரான நூல் வரும். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் சுலோவேனியத் தலைநகர் லியுப்லியானா ஆலையில் 2011 முதல் இதைச் செய்கிறது, நார்வே சால்மன் பண்ணைகளின் பழைய கூண்டு வலைகளும் அங்கே போயிருக்கின்றன. நார்வேயிலும் கடினமான வேலை பிரிப்பதுதான். ஒரு கூண்டில் நைலான் வலை, கலப்புக் கயிறு, ஈயம், எச்டிபிஇ வளையம் எல்லாம் பின்னிப் பிணைந்து வருகின்றன, வலையில் பாசி பிடிக்காமலிருக்கச் செம்புப் பூச்சும் இருக்கும். அங்கே ஸ்னோஹெட்டா கட்டடக்கலை நிறுவனம் 2019-இல் வடிவமைத்த எஸ்-1500 நாற்காலியின் இருக்கை மீன் பண்ணைக் கழிவுப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. கூண்டுக்காரரைவிட உங்கள் வேலை எளிது: உங்களிடம் இருப்பது பத்து டன் ஒரே இனம்.

வெள்ளைப்புள்ளி நோயோ இஎச்பி என்ற ஒட்டுண்ணித் தொற்றோ வந்த குளத்துச் சரக்கு என்றால் ஒரு படி கூடுதல். வலை, செக் ட்ரே, ஏரேட்டர் பாகங்களை அடுத்த பண்ணைக்குப் பழைய விலைக்குக் கொடுப்பது வழக்கம், நோயும் அதோடு போகும். முதலில் சேறு போகக் கழுவுங்கள், சேறு இருந்தால் குளோரின் சேற்றோடேயே தீர்ந்துவிடும். பிறகு 100 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது 33 சதவீத குளோரின் உள்ளதானால் 200 பிபிஎம், அதில் அரை மணி ஊறப்போட்டு அலசி, நல்ல வெயிலில் முழுக்க உலர்த்துங்கள். பவுடர் பழசானால் குளோரின் குறைந்திருக்கும், அளவைக் கூட்ட வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட அறவை இயந்திரம். வேண்டாம் என்பதே என் கருத்து, கணக்கோடு சொல்கிறேன். மணிக்கு 200 கிலோ அரைக்கும் சின்ன இயந்திரம் உங்கள் 10.8 டன்னை 54 மணி நேரத்தில், ஒரு வாரத்தில் முடித்துவிடும். அடுத்த விரிப்பு வர ஏழு ஆண்டு. இடையில் ஆண்டுக்கு 220 கிலோ பை மட்டும். அரைத்ததைக் கழுவ நல்ல தண்ணீர் நிறைய வேண்டும், வேதாரண்யத்தில் அது எங்கே இருக்கிறது? கழுவிய அழுக்குத் தண்ணீருக்கு வழி வேண்டும், மும்முனை மின்சாரம் வேண்டும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் பதிவும் வேண்டும். அரைக்காத சுத்தமான சுருளை ஆலைக்காரர் கண்ணால் பார்த்து நம்புவார். அரைத்த கறுப்புச் சில்லில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே உழைத்து அரைத்த பிறகு விலை இறங்கவும் செய்யும்.

செலவழிக்க நினைத்தால் பண்ணையாளர் குழுவாகச் சேர்ந்து ஓர் அழுத்திக் கட்டும் பிரஸ் இயந்திரமும் சிமெண்டுத் தளம் போட்ட ஒரு கொட்டகையும் போடுங்கள். பையும் வலையும் இடத்தை அடைக்குமே தவிர எடை நிற்காது, அழுத்திக் கட்டினால்தான் வண்டி வாடகை கட்டுப்படியாகும். கொட்டகையில் ஐந்து தடுப்பு போதும்: விரிப்பின் தரைப்பகுதி, மேல்பட்டை, பை, நைலான், மற்றது. முதல் லோடு அனுப்பும் முன் ஒரு கிலோ மாதிரியைச் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற ஆய்வகத்தில் கொடுத்து அடர்த்தி, உருகி ஓடும் வேகம், சாம்பல் அளவு மூன்றும் பார்த்து அறிக்கை வாங்கிவிடுங்கள். சாம்பல் அளவு மண்ணையும் கலப்புச் சுண்ணாம்பையும் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு நாலு ஆலைக்குப் பேசலாம்.

எதிலும் சேராதது கொஞ்சம் மிஞ்சும்: பூஞ்சை பிடித்த பை, நைந்த உறை, கலந்துபோன துண்டு. பாலிதீனும் பிபியும் மட்டும் என்றால் தார்ச்சாலைக்குப் போகலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறை அது. துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவிப் பூச்சாக்கி, பிறகு தார் சேர்ப்பார்கள். பிவிசி மட்டும் அதில் சேரவே கூடாது. அதற்கும் தேறாததை அரியலூர் போன்ற சிமெண்டு ஆலை உள்ள இடங்களில் சூளைக்கு எரிபொருளாக எடுப்பதுண்டு. இரண்டும் ஒரு முறையோடு முடிந்துவிடும் வழிகள். நல்ல எச்டிபிஇ சுருளை, வேலை மிச்சம் என்று, அங்கே அனுப்பிவிடாதீர்கள்.

கரைக்குள் புதைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரிப்புத் துண்டைப் போட்டு மேலே மண் கொட்டினால் அந்த வழுவழுப்பான பரப்பில் மண் பிடிக்காது, மழையில் கரை அந்த இடத்தில்தான் சரியும்.

புது விரிப்பு வாங்கும்போது, உங்களுக்கு விற்கப்படுவது உண்மையில் எச்டிபிஇ விரிப்பா, பின்னிய தார்பாய் இனமா, ரப்பர் இனமா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மூன்றும் கறுப்பாகத்தான் இருக்கும், மறுசுழற்சி வழி மூன்றுக்கும் வேறு, ரப்பர் உருகவே உருகாது. காலையில் குளிர்ந்த நேரத்தில் கொஞ்சம் தளர்வு விட்டுப் போடச் சொல்லுங்கள். 100 மீட்டர் விரிப்பு 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் அரை மீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும், உச்சிவெயிலில் இழுத்துக் கட்டியது இரவில் சுருங்கும்போது ஒட்டில் விரியும். ஏரேட்டர் கால் நிற்கும் இடத்தில் பழைய விரிப்புத் துண்டை இரண்டு மடிப்பாகப் போட்டுவிட்டு அதன் மேல் காலை வையுங்கள். பதிக்கிற அன்றே ஒரு சதுர மீட்டர் வெட்டி எடுத்து, தடிமன், தயாரிப்பு எண், போட்ட தேதி எழுதி, எடை போட்டுக் குறித்து, கிடங்குக்குள் இருட்டில் தொங்கவிடுங்கள். அடுத்த முறை விற்கும்போது மண்ணையும் ஈரத்தையும் கணக்கிட அதுதான் உங்கள் எடைக்கல்.